அத்தியாயம் 6: நாட்டுக் கணக்கைப் பார்ப்பது எப்படி?

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் கிராம ஊராட்சிகள் 14. வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு, சேளூர்நாடு, தேவானூர்நாடு, பைல்நாடு என்று எல்லாப் பெயர்களும் நாட்டில்தான் முடிகின்றன. ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக ஓடையைக் கடந்து, மிளகுக்கொடி ஏறிய தோப்பைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி மலையில் வாழ்வோர் சுமார் 40,000 பேர். மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சென்னையின் ஓரிரு வார்டுகளில் அடங்கிவிடும் தொகை.

ஆனால் சென்னையில் கணக்குப் பார்ப்பது இதைவிட எளிது. அங்கே ஒரு மாமன்றம், ஒரு பட்ஜெட். பட்ஜெட் நாளன்று அத்தனை பத்திரிகைகளும் மண்டபத்தில் இருக்கும். கொல்லிமலையில் 14 ஊராட்சி, ஒரு ஒன்றியம், அதற்கு மேல் மாவட்ட ஊராட்சி, பக்கவாட்டில் பழங்குடியினர் நலத் துறை, வனத்துறை, நெடுஞ்சாலைத் துறை. ஒன்றிய அலுவலகம் இருக்கும் செம்மேட்டில் எந்தப் பட்ஜெட்டையும் படித்து எழுத நிருபர் உட்கார்ந்திருப்பதில்லை. படிக்க வேண்டியவர் ஊர்க்காரர்தான். அவருக்கு வேண்டிய தாள்களில் கணிசமான பகுதி இன்று கைப்பேசியிலேயே திறக்கிறது என்பதும், அவற்றைத் திறப்பவர்கள் குறைவு என்பதும்தான் இந்த அத்தியாயத்துக்கு வேலை வைத்திருக்கின்றன.

எந்தப் பணம், யாருடைய பணம்?

குழி விழுந்த சாலையைப் பார்த்ததும் ஊராட்சியைத் திட்டுவது வழக்கம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அதில் ஒரு கல் பெயர்ந்தாலும் ஊராட்சிச் செயலர் பதில் சொல்ல முடியாது. பழங்குடியினர் பள்ளி விடுதியின் கூரை ஒழுகினால் கேள்வி பழங்குடியினர் நலத் துறைக்குப் போக வேண்டும். எனவே கணக்குப் பார்க்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, வேலை நடந்த இடத்தில் நட்டிருக்கும் பலகையைப் படிப்பது. திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை, செய்த துறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். பலகையே இல்லையென்றால் அதுவும் ஒரு செய்திதான், குறித்துக்கொள்ளலாம்.

ஊராட்சிக்கு வரும் பணத்தைப் பிரித்துப் பார்ப்பது கடினமல்ல. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் போன்றவை சொந்த வருவாய். மாநில அரசு தன் வரி வருவாயில் ஒரு பங்கைப் பிரித்துத் தருவது மாநில நிதிக்குழு மானியம். ஒன்றிய அலுவலகத்தில் எஸ்.எஃப்.சி. என்றால்தான் புரியும். டெல்லியிலிருந்து வருவது மத்திய நிதிக்குழு மானியம். இவை போக நூறு நாள் வேலை, தொகுப்பு வீடுகள், குடிநீர்த் திட்டம், சேந்தமங்கலம் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி எனத் திட்டப் பணம் தனி. தமிழ்நாட்டு ஊராட்சிகள் நெடுங்காலமாக மூன்று வங்கிக் கணக்குகளை வைத்தே நடந்து வந்திருக்கின்றன. ஒன்றாம் எண் கணக்கு பொது நிதிக்கு. இரண்டாம் எண் மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்கான கட்டணமும் கட்ட. மூன்றாம் எண் திட்டங்களுக்கு. "ஒன்றாம் கணக்கில் எவ்வளவு இருப்பு?" என்று கிராம சபையில் ஒருவர் கேட்டால், செயலர் நிமிர்ந்து பார்ப்பார். விஷயம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

மத்திய மானியத்தை மட்டும் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. இணையத்தில் அதிகம் கிடைப்பது அதன் கணக்குதான். 15-ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையிலான மானியத்தை இரண்டாக வெட்டியது. 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும். மீதி 40 சதவீதத்தை ஊராட்சி தன் தேவைக்கேற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தொடக்கூடாது. ஆக, குடிநீருக்கென்று வந்த பணத்தில் அலங்கார வளைவு கட்டப்பட்டிருந்தால் அது விதிமீறல். வளைவு அழகாக இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

அதே நிதிக்குழு இன்னொரு நிபந்தனையும் போட்டது. முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் இருந்தால்தான் மானியம். கணக்கை மறைத்தால் பணம் நிற்கும் என்ற பயம் வந்த பிறகே பல ஊராட்சிகளின் கணக்கு திரைக்கு வந்தது. நல்லெண்ணம் செய்யாததை நிபந்தனை செய்தது என்று சொல்வதில் தவறில்லை.

திரையில் தெரிவதும் தெரியாததும்

2020 ஏப்ரல் 24, தேசிய பஞ்சாயத்து ராஜ் நாளன்று மத்திய அரசு தொடங்கிய தளம் இ-கிராம்ஸ்வராஜ். இந்தியாவின் எந்தக் கிராம ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவையும் கடவுச்சொல் இல்லாமல் பார்க்கலாம். அறிக்கைகள் என்ற பகுதிக்குள் போய், நிதியாண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாமக்கல், கொல்லிமலை, பிறகு தன் நாடு.

முதல் தடுமாற்றம் இங்கேதான் வரும். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன. நாடுகளின் பெயரை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கிறது. வாழவந்திநாட்டை ஓரிடத்தில் ஒரு எழுத்துக் கூட்டலிலும் வேறிடத்தில் இன்னொரு கூட்டலிலும் பார்க்கலாம். குண்டூர்நாட்டையும் குண்டனிநாட்டையும் மாற்றித் திறந்துவிட்டு, "நம்மூரில் இப்படி ஒரு தொட்டியே இல்லையே" என்று கொதிப்பதும் நடக்கும். இதற்கு மருந்து, ஒவ்வொரு ஊராட்சிக்கும் மத்திய அரசின் உள்ளாட்சி விவரத் தொகுப்பில் தரப்பட்டிருக்கும் குறியீட்டு எண். எல்.ஜி.டி. எண் என்பார்கள். அதை ஒருமுறை கண்டுபிடித்துக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் பெயர்க் குழப்பம் தீர்ந்தது.

உள்ளே போனதும் கண்ணில் படும் பட்டியல்கள் பல. எல்லாவற்றையும் திறந்தால் தலை சுற்றும். மூன்று போதும். ஒன்று, அந்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்: எந்த வேலை, எந்தச் சிற்றூரில், எவ்வளவு தொகைக்கு என்பது அதில் இருக்கும். இரண்டு, வரவு-செலவு அறிக்கை. மூன்று, ரொக்கப் புத்தகமும் வவுச்சர்களும்: எந்தத் தேதியில், எந்தத் திட்டத்திலிருந்து, எந்த வேலைக்கு, யாருக்கு, எவ்வளவு. திட்டத்தையும் வவுச்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் முழு வித்தையும். திட்டத்தில் இருந்து வவுச்சரில் இல்லாத வேலை என்றால் பணம் இன்னும் போகவில்லை. வவுச்சரில் இருந்து திட்டத்தில் இல்லாத வேலை என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

மலையில் எல்லாச் சிற்றூரிலும் சிக்னல் ஒரே மாதிரி கிடைக்காது. செம்மேட்டுக்கோ கீழே சேந்தமங்கலத்துக்கோ போகும்போது இ-சேவை மையத்தில் உட்கார்ந்து அறிக்கையை அச்செடுத்து வருவதே பலருக்கு நடைமுறை வழி. அச்செடுத்த தாளுக்கு வேறொரு பயனும் உண்டு: அதன் ஓரத்தில் தேதி எழுதி வைக்கலாம். தளத்தில் எண்கள் பின்னால் திருத்தப்படுவதுண்டு. பழைய தாள் கையிலிருந்தால் எது மாறியது என்று காட்ட முடியும். மார்ச் மாதச் செலவு மே, ஜூன் வரையிலும் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், நிதியாண்டு முடிந்த மறுநாளே திறந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதும் சரியல்ல.

இந்தத் தளம் முழுக் கணக்கல்ல. மத்திய மானியம் இதில் ஏற வேண்டும் என்பது கட்டாயம் என்பதால் அது ஒழுங்காக இருக்கும். வீட்டு வரியும் மாநில மானியமும் அதே ஒழுங்கோடு இங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வீட்டு வரியைத் தமிழக ஊரக வளர்ச்சித் துறையின் தனித்தளத்தில் இணையவழியாகக் கட்டலாம். தன் வீட்டின் வரி விவரத்தையும் அதில் பார்க்கலாம். வரி கட்டிய ரசீதைக் கையில் வைத்திருப்பவர் கணக்குக் கேட்கும்போது குரல் தானாகவே திடமாக இருக்கும்.

தணிக்கைக்குத் தனித்தளம் உண்டு: ஆடிட் ஆன்லைன். ஊராட்சியின் கணக்கைப் பார்த்த தணிக்கையாளர் எழுப்பிய தடைகள் அதில் அறிக்கையாக வரும். வவுச்சர் இல்லை, அளவுப் புத்தகத்தில் பதிவில்லை, இருப்புப் பதிவேட்டில் ஏற்றவில்லை என்பன வழக்கமான தடைகள். தணிக்கைத் தடை என்பது திருட்டுக்குச் சான்று அல்ல; பல நேரம் தாள் வேலையில் விட்ட குறை. ஆனால் ஒரே தடை மூன்று ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது தாள் வேலையின் குறையாக மட்டும் இருக்க முடியாது.

நூறு நாள் வேலையின் தளம் இவை எல்லாவற்றையும் விடத் திறந்தது. வேலை அட்டை எண், வருகைப் பட்டியல், எந்த வேலையில் எத்தனை நாள், கூலி எந்தத் தேதியில் ஏறியது என்று ஆள் வாரியாக இத்தனை விவரம் வைத்திருந்த அரசுத் தளம் இந்தியாவில் அரிது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு 2025-26-இல் நாள் கூலி 336 ரூபாய். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலைக்கான புதிய சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் மாறினாலும் அதுவரை நடந்த வேலைக்கான கணக்கைக் கேட்கும் உரிமை மாறாது.

அந்தத் தளம் ஒரு பாடமும் சொல்கிறது. வேலைக்கு வந்தவர்களைப் படம் எடுத்துப் பதிவேற்றும் செயலி 2023 ஜனவரி முதல் கட்டாயம் ஆனது. போலி வருகை ஒழியும் என்றார்கள். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள், காலையில் ஒரு கூட்டமும் மாலையில் வேறொரு கூட்டமும் இருக்கிறது. இணையத்தில் ஏறிவிட்டது என்பதாலேயே எதுவும் உண்மை ஆகிவிடாது. அதை இடத்தில் போய்ப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

இதைக் கணினி வருவதற்கு முன்பே செய்து காட்டியவர்கள் ராஜஸ்தானில் இருக்கிறார்கள். 1994 டிசம்பரில், பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. செய்தது எளிய வேலை: பஞ்சாயத்து வேலைகளின் பில்லையும் வருகைப் பட்டியலையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். படிக்கப் படிக்க, வேலைக்கே வராதவர் பெயரில் கூலி போயிருப்பதும், முடியாத கட்டடம் முடிந்ததாக எழுதப்பட்டிருப்பதும் ஊர்க்காரர் வாயாலேயே வெளிவந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான நாடு தழுவிய இயக்கம் அங்கிருந்துதான் கிளம்பியது. இதற்கு நேர்மாறான இடத்தில், பெங்களூரில், ஜனாக்ரஹா அமைப்பும் வேறு சில அமைப்புகளும் 2002-இல் ப்ரூஃப் என்ற பெயரில் மாநகராட்சியின் காலாண்டு நிதி அறிக்கையை வெளியிடச் செய்து மக்கள் நடுவே விவாதித்தார்கள். ஒன்று படிப்பறிவு குறைந்த ஊர், மற்றது கணினி நகரம். இரண்டிலும் கணக்கு வெளியானதோடு வேலை முடியவில்லை. கூடி உட்கார்ந்து படித்தபோதுதான் அது பேசத் தொடங்கியது.

ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வது

முழு ஊராட்சிக் கணக்கையும் ஒரே மூச்சில் பார்க்க நினைப்பவர் இரண்டாம் பக்கத்திலேயே சோர்ந்துவிடுவார். தன் சிற்றூரில், தன் கண்ணுக்குத் தெரியும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதன் தாள்களை முதலிலிருந்து கடைசி வரை தேடுவதே நல்ல பயிற்சி.

ஓர் ஊரில் 100 மீட்டர் சிமென்ட் சாலை போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர் என்று மதிப்பீடு சொன்னால், கான்கிரீட் 45 கன மீட்டர். இதைக் கணக்கிட ஓவர்சியர் வேண்டாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை போதும். அளவு நாடாவால் நீளத்தையும் அகலத்தையும் யார் வேண்டுமானாலும் அளக்கலாம். கனத்தைச் சாலையின் ஓரத்தில், மண் அரித்த இடத்தில் பார்க்கலாம். நீளமும் அகலமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். குறைவதென்றால் கண்ணுக்குத் தெரியாத கனத்தில்தான் குறையும்.

அந்தச் சாலைக்குப் பின்னால் ஒரு தாள் வரிசை இருக்கிறது. ஊராட்சித் தீர்மானம், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை, அளவுப் புத்தகம், பில், வவுச்சர். அலுவலகத்தில் எம்.புக் என்று சொல்லப்படும் அளவுப் புத்தகம் இவற்றில் மிக முக்கியம். பொறியாளர் களத்தில் அளந்ததாகக் கையெழுத்திட்ட எண்கள் அதில் இருக்கும், பணம் அதை வைத்துத்தான் போகும். இணையத்தில் கிடைப்பது வரிசையின் இரண்டு முனைகள்: தொடக்கத்தில் திட்டம், முடிவில் வவுச்சர். நடுவில் டெண்டர் ஓரளவு கிடைக்கும். டெண்டர் வெளிப்படைத்தன்மைக்கென்று தமிழ்நாடு 1998-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. பெரிய தொகை டெண்டர்களை மாநில அரசின் டெண்டர் தளத்தில் தேடலாம். மதிப்பீடும் எம்.புக்கும் திரைக்கு வருவதில்லை. அவற்றைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எப்படி என்பது சற்றுப் பின்னால்.

மலைக்கென்று ஓர் எச்சரிக்கை. சமவெளியில் இதே சாலைக்கு ஆன தொகையை வைத்துக்கொண்டு கொல்லிமலைத் தொகை அதிகம் என்று குதிக்கக் கூடாது. மணலும் ஜல்லியும் சிமென்டும் வளைவேறி வர வேண்டும். கடைசி ஒரு கிலோமீட்டர் தலைச்சுமையாகவும் வரலாம். இந்த ஏற்றுக்கூலியும் வண்டிக்கூலியும் மதிப்பீட்டில் தனி வரியாக இருக்கும். அந்த வரியைப் பார்த்து, சொன்ன தூரம் சரியா, தலைச்சுமை என்று எழுதிய இடத்துக்கு லாரி போகிறதா என்று கேட்பதே பொருளுள்ள கேள்வி. அதிகம் என்ற ஒற்றைச் சொல்லை எந்தப் பொறியாளரும் இரண்டு நிமிடத்தில் மடக்கிவிடுவார்.

கிராம சபையில்

ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபை 2022 முதல் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கொல்லிமலை பழங்குடியினர் பகுதியாக இருந்தாலும் தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் அட்டவணைப் பகுதிகளின் ஊராட்சிகளுக்கான 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் தரும் கூடுதல் அதிகாரம் இங்குள்ள கிராம சபைகளுக்கு இல்லை. இருப்பது 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதுவே போதிய அளவு பல் உள்ளதுதான், பயன்படுத்தினால்.

கூட்டத்துக்கு ஆள் கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இடத்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும்; வழிபாட்டு வளாகத்தில் நடத்தக் கூடாது. மலையில் சுழற்சி என்பது சம்பிரதாயம் அல்ல. எப்போதும் பேருந்து நிற்கும் ஊரிலேயே கூட்டம் போட்டால், ஓடைக்கு அப்பால் இருப்பவர் எந்த ஆண்டும் வரமாட்டார். அவர் ஊருக்கு எந்த வேலையும் போகாது.

அங்கே கேட்க வேண்டிய தாள் படிவம் 30. ஊராட்சியின் ஆண்டு வரவு செலவு அதில்தான் இருக்கிறது. கிராம சபையின் பொருள் நிரலில் அது இடம்பெறும். பிளெக்ஸ் பேனராக எழுதி மக்கள் பார்வைக்கு வைக்கவும் வேண்டும். பேனர் பெரும்பாலும் இருக்கும். அதைப் படிக்க விடாமல் முன்னால் நாற்காலி போட்டிருப்பார்கள். கூட்டம் தொடங்கும் முன்பே போய்க் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பேனரில் உள்ள மத்திய மானியத் தொகையையும், கையில் இருக்கும் இ-கிராம்ஸ்வராஜ் அச்சுத் தாளையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் கேட்கலாம். "செயலரையா, பேனரில் இந்தத் தொகை இருக்கு, கம்ப்யூட்டர்ல வேற தொகை இருக்கு, எது சரிங்க?" என்று கேட்டால் போதும். யாரையும் திருடன் என்று சொல்லத் தேவையில்லை. பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வந்ததும் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கத்துக்கு உடன்பட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண்.

இப்போதைய நிலைக்கு ஒரு தனிக் குறிப்பு. நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் தனி அலுவலர்கள் நிர்வாகம். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்திடும் ஏற்பாடு எத்தனையோ ஊரில் சண்டைக்குக் காரணமாக இருந்தது. ஆனால் சண்டை போட இருவர் இருந்தால் ஊருக்குச் செய்தி கசியும். தனி அலுவலர் காலத்தில் அந்தக் கசிவும் நின்றுவிடுகிறது. ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர் யாருமில்லாத காலத்தில் கணக்கைத் திறந்து பார்ப்பது முன்பைவிட அவசியம்.

இன்னொன்று: தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருந்தால்தான் மத்திய நிதிக்குழு மானியம் என்பது விதி. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடக்காமல் கிடந்தபோது மானியம் நிறுத்தி வைக்கப்பட்ட அனுபவம் இருக்கிறது. எனவே 2025-க்குப் பிந்தைய மாதங்களில் திரையில் வரவு குறைந்தோ பூஜ்யமாகவோ தெரிந்தால், யாரோ தின்றுவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்டாமல், மானியம் வந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

கேட்டு வாங்குவது

திரையிலும் பேனரிலும் இல்லாததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. இந்தியாவில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். அது ஓட்டைகள் மலிந்த சட்டம் என்பது வேறு கதை.

மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை, சான்றை மட்டும் இணைக்க வேண்டும். முகவரி: பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம், கொல்லிமலை ஊராட்சி ஒன்றியம், செம்மேடு. ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் (பி.டி.ஓ.) இருவர் உண்டு, ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. மனு தவறான இடத்துக்குப் போனால் ஐந்து நாளில் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை.

மனுவில் ஏன், எதற்கு, நியாயமா என்று எழுதினால் "விளக்கம் தர இயலாது" என்று ஒரு வரியில் திரும்பி வரும். தாளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: இந்த ஆண்டு, இந்தச் சிற்றூரில், இந்தத் திட்டத்தில் போட்ட சாலையின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், பில் ஆகியவற்றின் சான்றிட்ட நகல். இ-கிராம்ஸ்வராஜில் பார்த்த வவுச்சர் எண்ணையும் தேதியையும் மனுவில் குறித்துவிட்டால் "அப்படி எந்த ஆவணமும் இல்லை" என்ற பதிலுக்கு இடமிருக்காது. இணையத் தாளின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

பலர் அறியாத ஒரு பிரிவும் உண்டு. தகவல் என்பது தாள் மட்டுமல்ல. பணியை நேரில் ஆய்வு செய்வதும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுப்பதும் இந்த உரிமையில் அடங்கும். சாலையின் கனத்தில் சந்தேகம் இருப்பவர் மாதிரி கேட்கலாம்.

ஆள் பெயர்களில் மட்டும் கவனம் தேவை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவு 2025 நவம்பரில் மாற்றப்பட்டது. தனிநபர் விவரம் என்று சொல்லி மறுப்பது எளிதாகிவிட்டது. இது கணக்குக் கேட்பவர்களுக்குப் பின்னடைவுதான். அதனால் ஆளை விட்டு வேலையைக் கேட்பது புத்திசாலித்தனம். பெயர்கள் தேவைதான் என்றால், பொது நலன் பெரிது என்று சொல்லும் 8(2) பிரிவை மனுவிலேயே குறிப்பிட வேண்டும்.

தேதிகளை மறக்கக் கூடாது. பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அங்கும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு; அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறது என்று சொல்ல முடியாது. ஆகவே ஆணையம் வரை போகாமல் முதல் மேல்முறையீட்டிலேயே முடித்துக்கொள்ளும்படி மனுவைத் துல்லியமாக எழுதுவதே மேல்.

அடுத்த கிராம சபைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்து, குறைந்தது 40 நாளுக்கு முன்பாவது மனுவை விரைவுத் தபாலில் போட்டுவிடுங்கள். அது ஒப்படைக்கப்பட்டதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். காலக்கெடு ஓடத் தொடங்கிய நாளுக்கு அதுதான் சாட்சி.